1 கேட்டால் மௌனம், 2 கேட்டால் பதில்: சீரியல் போர்ட்டில் வரும் பைனரி தரவை சி நிரலில் படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலை. டிரம்கள் உருளும் கொட்டகையை ஒட்டிப் பேனல் அறை, அதற்குள் மின்சார மீட்டர்கள். அவை காட்டும் வோல்டேஜையும் யூனிட்டையும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கணினியில் பதிய வேண்டும், அதுதான் வேலை. மீட்டர்கள் தரவு அனுப்பும் ஆர்எஸ்-485 வயர் இழுத்தாயிற்று, யூஎஸ்பி கன்வெர்ட்டர் மாட்டியாயிற்று, காட்பாடியில் வீட்டில் உட்கார்ந்து எழுதிய சி நிரலும் கையில். ஓட்டினேன். மீட்டர் தன் அளவுகளை வைத்திருக்கும் இரண்டு பைட் அறைக்கு ரெஜிஸ்டர் என்று பெயர். மீட்டரிடம் 2 ரெஜிஸ்டர் கேட்டால் உடனே பதில். 3, 4 என்று 9 வரை கேட்டேன், எல்லாவற்றுக்கும் பதில். 10 கேட்டால் மௌனம். ஒருவேளை அதிகமாகக் கேட்கிறோமோ என்று நினைத்து, எதற்கும் இருக்கட்டும் என 11 கேட்டேன். பதில் வந்தது! 1 கேட்டேன். மறுபடி மௌனம்.

வயரை மாற்றினேன். கன்வெர்ட்டரை மாற்றினேன். மீட்டரையே அணைத்துப் போட்டேன். கூட நின்ற எலெக்ட்ரீஷியன் அண்ணன் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, “லைன்ல ஒண்ணும் இல்ல தம்பி, எல்லாம் கரெக்டாத்தான் கீது. இன்னா எழுதிவச்சிருக்கேன்னு உன் பொட்டியப் பாரு” என்றார். அரை நாள் போன பிறகு அவர் சொன்னதுதான் சரி என்று தெரிந்தது. காரணம் என்னவென்று அதற்குரிய இடம் வரும்போது சொல்கிறேன். தேவையான எண்கள் எல்லாம் அதற்கு முன்பே வந்துவிடும். முடிந்தால் நீங்களே பிடித்துவிடுங்கள்.

இங்கே சொல்வதெல்லாம் லினக்ஸுக்கானது. பழைய லேப்டாப்பில் உபுண்டு என்றாலும், ராஸ்பெரி பை என்றாலும் ஒன்றுதான். சி மொழியில் பாயின்டர், பிட் ஷிஃப்ட் வரை தெரிந்திருந்தால் போதும். ஃபங்ஷன் பெயர்களையும் கொடிகளின் (சுவிட்ச் மாதிரி ஏற்றி இறக்கும் அமைப்புகளின்) பெயர்களையும் வாயால் சொல்கிற மாதிரியே எழுதியிருக்கிறேன். எழுத்துக்கூட்டலுக்கு, சீரியல் போர்ட் அமைப்புகளை விளக்கும் டெர்மியோஸ் மேனுவல் பக்கத்தை இன்னொரு ஜன்னலில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். எண்கள் அனைத்தும் பதின்ம எண்கள், ஹெக்ஸ் எங்கும் இல்லை.

முதலில்: மீட்டர் என்ன பேசுகிறது?

இந்த வகை மீட்டர்கள் பெரும்பாலும் மோட்பஸ் ஆர்டியூ பேசும். 1979-இல் மோடிகான் நிறுவனம் பிஎல்சி என்ற தன் தொழிற்சாலைக் கட்டுப்பாட்டுக் கருவிகளுக்காக வெளியிட்ட நெறிமுறை அது. இன்னும் சாகவில்லை, சாகவும் போவதில்லை. நாம் கேட்டால்தான் மீட்டர் வாய் திறக்கும். கேள்வி இப்படி இருக்கும்:

1  3  0  0  0  2  196  11

முதல் 1 என்பது மீட்டரின் முகவரி. 3 என்றால் ‘ரெஜிஸ்டரைப் படித்துச் சொல்’. சில மீட்டர்களில் இதற்குப் பதில் 4 போட வேண்டியிருக்கும். அடுத்த இரண்டு பைட் எந்த ரெஜிஸ்டரிலிருந்து என்பது, அதற்கடுத்த இரண்டும் எத்தனை ரெஜிஸ்டர் என்பது. கடைசி இரண்டும் சிஆர்சி, அதாவது பிழை சரிபார்க்கும் எண். 1 ரெஜிஸ்டர் கேட்டால் கேள்வி 1 3 0 0 0 1 132 10 என்று முடியும். 10 கேட்டால் 1 3 0 0 0 10 197 205.

வோல்டேஜ் 230 என்றால், அதை ஃபுளோட்டாகத் தரும் மீட்டரின் பதில்:

1  3  4  67  102  0  0  15  168

முகவரி, வேலை எண், பின்னால் வரும் தரவு எத்தனை பைட் என்ற 4, நான்கு தரவு பைட்கள், இரண்டு சிஆர்சி பைட்கள். மொத்தம் 9. இந்த 9 எண்களை ஒரு தாளில் எழுதி ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரை முழுக்க இவற்றை வைத்துத்தான் பேசப் போகிறோம். நிரலைச் சோதிக்கவும் இவையே போதும்.

எந்த ரெஜிஸ்டரில் எது இருக்கிறது என்பது மீட்டருக்கு மீட்டர் மாறும். அந்த அட்டவணை மீட்டரோடு வரும் கையேட்டில் இருக்கும். அது இல்லாமல் நிரல் எழுத உட்காராதீர்கள்.

வயரும் போர்ட்டும்

இதைச் சுருக்கமாகவே முடித்துவிடுகிறேன். மீட்டரின் ஏ, பி முனைகளைக் கன்வெர்ட்டரின் ஏ, பி முனைகளோடு இணையுங்கள். பதில் வரவில்லை என்றால் இரண்டையும் மாற்றிப் போட்டுப் பாருங்கள். எது ஏ, எது பி என்பதில் கம்பெனிக்குக் கம்பெனி கருத்து வேறுபாடு உண்டு, மாற்றிப் போட்டால் எதுவும் எரிந்துவிடாது. கூடவே கிரவுண்ட் வயர் ஒன்று போவது நல்லது. நீளமான லைன் என்றால் இரண்டு கோடியிலும் 120 ஓம் ரெசிஸ்டர். அப்புறம் மீட்டரின் மெனுவுக்குள் போய் முகவரி, வேகம், பேரிட்டி (பிழை பார்க்கும் கூடுதல் பிட்) மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். 9600, பேரிட்டி இல்லை, ஒரு ஸ்டாப் பிட் என்பதே நான் அதிகம் பார்த்தது.

கன்வெர்ட்டரைச் செருகியதும் டெவ் அடைவுக்குள் டிடிஒய்யூஎஸ்பி0 என்று ஒன்று முளைக்கும். அதைத் திறக்க உங்கள் பயனர் டயல்அவுட் குழுவில் இருக்க வேண்டும். குழுவில் சேர்த்த பிறகு ஒருமுறை லாக்அவுட் செய்து திரும்ப வாருங்கள், இல்லாவிட்டால் அனுமதி மறுப்பு தொடரும். நிரலை ரூட்டாக ஓட்டிச் சமாளிப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வேண்டாம்.

உபுண்டு 22.04-இல் ஒரு வினோதம் உண்டு. சிஎச்340 சிப் உள்ள மலிவான கன்வெர்ட்டரைச் செருகினால் டிடிஒய்யூஎஸ்பி0 வந்த வேகத்தில் காணாமல் போகும். பிரெய்ல் திரைக்கான பிஆர்எல்டிடிஒய் என்ற சேவை அதைத் தன்னுடையது என்று நினைத்துப் பிடித்துக்கொள்வதுதான் காரணம். பிரெய்ல் திரை பயன்படுத்தாதவர் என்றால் அந்தப் பொதியை நீக்கிவிடலாம்.

போர்ட்டைத் திறப்பது

எஃப்ஓப்பன் வேண்டாம், வெறும் ஓப்பன் போதும். எஃப்ஓப்பன் தன் பங்குக்கு ஒரு பஃபர் வைத்துக்கொள்ளும். நேரக் கணக்கோடு பைட் எண்ணும் நமக்கு அது இடைஞ்சல். ஓப்பனுக்கு இரண்டு கொடிகள் கொடுங்கள்: படிக்கவும் எழுதவும் ஓ-ஆர்டிடபிள்யூஆர், இந்தப் போர்ட் என் நிரலின் கட்டுப்பாட்டு டெர்மினல் ஆகிவிடக் கூடாது என்பதற்கு ஓ-நோசிடிடிஒய். இரண்டாவதை விட்டால், லைனில் வரும் ஒரு பைட் உங்கள் நிரலையே கொல்ல வாய்ப்பு உண்டு. எப்படி என்று அடுத்துப் பார்ப்போம். திரும்பி வரும் எண் மைனஸ் என்றால் எர்நோ என்ற பிழை எண்ணை அச்சிட்டு நின்றுவிடுங்கள்.

கெர்னலின் கையைக் கட்டுவது

கட்டுரையின் உயிர் இந்தப் பகுதிதான். டிடிஒய் என்ற பெயரே டெலிடைப் என்பதிலிருந்து வந்தது. கம்பியின் மறுமுனையில் ஒரு மனிதர் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருக்கிறார் என்பது லினக்ஸின் உள்மையமான கெர்னலின் நினைப்பு. அவர் தவறாகத் தட்டினால் அழிக்க வேண்டும், கன்ட்ரோல்-சி தட்டினால் நிரலை நிறுத்த வேண்டும், தட்டியதை அவருக்கே திருப்பிக் காட்ட வேண்டும். இத்தனை உபசாரமும் மனிதருக்கு நல்லது, மீட்டருக்கு விஷம்.

நம் 9 பைட்களை இந்த இயல்பு நிலையில் அனுப்பிப் பாருங்கள். முதல் 1 வருகிறது. என்டர் வரட்டும் என்று கெர்னல் அதை வைத்துக்கொள்கிறது. அடுத்து 3. ஆஸ்கி கணக்கில் 3 என்பது கன்ட்ரோல்-சி! யாரோ நிறுத்தச் சொல்கிறார் என்று எண்ணி, 3-ஐ விழுங்குவதோடு அதுவரை சேர்த்து வைத்த 1-ஐயும் கொட்டிவிடுகிறது. ஓ-நோசிடிடிஒய் போட்டிருந்தால் நிரல் சாகாது, ஆனால் பைட்கள் போனது போனதுதான். அடுத்து 4. அது கன்ட்ரோல்-டி, கோப்பு முடிந்தது என்ற அடையாளம். உங்கள் ரீட் 0 என்று திரும்புகிறது. மிச்சமுள்ள 67 102 0 0 15 168 ஆறும், ஒருநாளும் வராத என்டருக்காகக் காத்துக் கிடக்கின்றன. மீட்டர் ஒழுங்காகப் பதில் சொல்லிவிட்டது, உங்களுக்கு ஒரு பைட்கூடக் கிடைக்கவில்லை.

அதோடு விட்டதா? எக்கோ என்ற கொடி போட்டிருப்பதால், வந்ததையெல்லாம் கெர்னல் மீட்டருக்கே திருப்பி அனுப்புகிறது. ஒரே ஜோடி வயரில் ஆறேழு மீட்டர் தொங்கும் இடத்தில் இது சந்தைக் கூச்சல். 13 வந்தால் 10 ஆக்கிவிடும் ஐசிஆர்என்எல். 17, 19 இரண்டும் ‘தொடர்’, ‘நிறுத்து’ என்ற சைகைகள் என்று எடுத்துக்கொண்டு விழுங்கிவிடும் ஐஎக்ஸ்ஆன். இதில்தான் மோசமான ஆபத்து இருக்கிறது: வோல்டேஜ் தற்செயலாக 19 என்ற பைட்டைக் கொண்ட மதிப்பைத் தொடும்போது மட்டும் கோளாறு வரும், மற்ற நேரமெல்லாம் நிரல் தங்கமாக ஓடும். இரண்டு நாள் சோதித்துக் கொடுத்துவிட்டு வருவீர்கள், மூன்றாம் நாள் போன் வரும்.

இப்போது என் புதிருக்கு வருகிறேன். உள்ளே வரும் பக்கத்தில் இந்தக் கொடிகளையெல்லாம் ஒவ்வொன்றாக நானே கையால் அணைத்திருந்தேன். வெளியே போகும் பக்கத்தில் ஓபோஸ்ட் என்று ஒன்று இருப்பதை மறந்துவிட்டேன். அது உயிரோடு இருந்தால், நாம் அனுப்பும் ஒவ்வொரு 10-க்கும் முன்னால் ஒரு 13 சேர்த்து அனுப்பும். பழைய பிரின்டர்களுக்கு வரி திரும்ப அது தேவைப்பட்டது. 10 ரெஜிஸ்டர் கேட்கும் கேள்வியின் நடுவில் ஒரு 10 இருக்கிறது. 1 ரெஜிஸ்டர் கேட்கும் கேள்வியில் சிஆர்சியின் கடைசி பைட் 10. எட்டு பைட் கேள்வி ஒன்பது பைட்டாகிப் போய்ச் சேர்கிறது. சிஆர்சி பொருந்தாத கேள்விக்கு மோட்பஸில் பதிலே கிடையாது, மீட்டர் கமுக்கமாக இருந்துவிடும். 2 முதல் 9 வரையிலும் 11-இலும் எந்த இடத்திலும் 10 இல்லை. அவ்வளவுதான் கதை.

அதனால் கையால் அணைக்கும் வீரம் வேண்டாம். வரிசை இப்படி இருக்கட்டும். டிசிகெட்அட்டர் அழைத்து இப்போதைய அமைப்பை ஒரு டெர்மியோஸ் கட்டமைப்பில் வாங்குங்கள். அதன் நகல் ஒன்றை வைத்துக்கொண்டால் வெளியேறும்போது பழையபடி மீட்டு வைக்கலாம். அடுத்து சிஎஃப்மேக்ரா. என்டருக்காகக் காத்திருக்க வைக்கும் ஐகேனான், எக்கோ, கன்ட்ரோல்-சியைக் கவனிக்கும் ஐசிக், ஐஎக்ஸ்ஆன், ஐசிஆர்என்எல், எட்டாவது பிட்டை வெட்டும் ஐஸ்ட்ரிப், கூடவே நம் வில்லன் ஓபோஸ்ட் என எல்லாவற்றையும் ஒரே வீச்சில் அணைத்து, எழுத்துக்கு 8 பிட் என்றும் வைத்துவிடும். பேரிட்டியையும் அது அணைத்துவிடும் என்பதை நினைவில் வையுங்கள். உங்கள் மீட்டர் ஈவன் பேரிட்டி என்றால், சிஎஃப்மேக்ராவுக்குப் பிறகுதான் பேரன்பி கொடியை ஏற்ற வேண்டும். முன்னால் ஏற்றினால் வீண்.

பிறகு சிலோக்கல், சிரீட் இரண்டையும் ஏற்றுங்கள்: மோடம் சிக்னலைப் பார்க்காதே, வருவதைப் படி என்று பொருள். சிஸ்டாப்பி, சிஆர்டிஎஸ்சிடிஎஸ் இரண்டையும் இறக்குங்கள். மூன்றே வயர் போகும் இடத்தில் ஹார்ட்வேர் ஃபுளோ கன்ட்ரோல் ஏறியிருந்தால் அனுப்புவது அப்படியே நின்றுவிடும். வேகத்துக்கு 9600 என்ற எண்ணை நேரடியாகக் கொடுக்காமல், தலைப்புக் கோப்பில் அதற்கென்று இருக்கும் பி9600 என்ற மாறிலியைக் கொடுங்கள். பல கணினிகளில் அந்த மாறிலியின் உள் மதிப்பு 9600 அல்ல.

கடைசியாக டிசிசெட்அட்டர். இதில் ஒரு பொடி இருக்கிறது. நீங்கள் கேட்ட மாற்றங்களில் ஒன்றே ஒன்று நடந்தாலும் அது வெற்றி என்று சொல்லித் திரும்பும். ஆகவே மறுபடி டிசிகெட்அட்டர் அழைத்து, வேகமும் கொடிகளும் கேட்டபடியே அமர்ந்திருக்கின்றனவா என்று ஒப்பிடுங்கள். நான்கைந்து வரி கூடுதல், அவ்வளவே.

ரீட் எப்படி நடந்துகொள்ளும்

சீரியல் போர்ட்டில் தொடக்கமும் முடிவும் கொண்ட பொட்டலம் என்று எதுவும் கிடையாது. குழாயில் வரும் தண்ணீர் மாதிரி பைட்கள் வந்துகொண்டே இருக்கும். உங்கள் குடத்தில் அந்த நேரத்துக்கு எவ்வளவு நிறைந்ததோ அதைத்தான் ரீட் தரும். 9600 வேகத்தில், பைட்டுக்கு 10 பிட் என்று வைத்தால், 9 பைட் வந்து சேர ஏறத்தாழ ஒன்பதரை மில்லி நொடி ஆகும். கணினிக்கு அது ஒரு யுகம். ‘9 பைட் கொடு’ என்று கேட்டால் ஒரு முறை 9 வரும், இன்னொரு முறை 1 வந்து அப்புறம் 8 வரும், வேறொரு நாள் 3, 6 என்று வரும். மூன்றும் சரியான நடத்தைதான். ரீட் திருப்பும் எண்ணைப் பார்க்காமல் பஃபரைத் தொடுகிற நிரல், எழுதியவரின் மேசையில் மட்டும் ஓடும்.

காத்திருப்பதைக் கட்டுப்படுத்த டெர்மியோஸில் விமின், விடைம் என்று இரண்டு எண்கள் உண்டு. விமின் என்பது குறைந்தது இத்தனை பைட். விடைம் என்பது காத்திருக்கும் நேரம், நொடியில் பத்தில் ஒரு பங்கு கணக்கு. 5 என்றால் அரை நொடி. விமின் மட்டும் இருந்தால் அத்தனை பைட் வரும்வரை ரீட் நகராது, வயர் அறுந்தால் காலம் முழுக்கக் காத்திருக்கும். விடைம் மட்டும் இருந்தால் முதல் பைட் வந்ததும் திரும்பும், வராவிட்டால் நேரம் முடிந்ததும் 0 தரும். இரண்டும் இருந்தால்தான் பலர் ஏமாறுகிறார்கள்: அப்போது விடைம் என்பது இரண்டு பைட்களுக்கு இடைப்பட்ட நேரம். கடிகாரம் முதல் பைட் வந்த பிறகுதான் ஓடத் தொடங்கும். மீட்டர் செத்துக் கிடந்தால் முதல் பைட்டே வராது, ரீட்டும் திரும்பாது.

நான் இரண்டையும் 0 வைத்துவிட்டு, காத்திருக்கும் வேலையை ‘போல்’ என்ற ஃபங்ஷனிடம் விட்டுவிடுகிறேன். கேள்வியை ரைட் மூலம் அனுப்பும்போது 8 பைட்டும் போயிற்றா என்று பார்க்கிறேன். பிறகு இப்போதைய நேரத்தோடு அரை நொடியைக் கூட்டி ஒரு கெடு. கடிகாரம் மோனோடோனிக்காக (பின்னோக்கிப் போகாததாக) இருக்கட்டும், ஏனென்றால் சாதாரணக் கடிகாரத்தை இன்டர்நெட் நேரம் திருத்தும்போது கெடு குழம்பும். கெடுவுக்கு மிச்சமிருக்கும் மில்லி நொடியைக் கொடுத்து போல் அழைக்கிறேன். அது 0 தந்தால் மீட்டர் பேசவில்லை என்று குறித்துக்கொண்டு வெளியே. பைட் வந்திருக்கிறது என்றால் ரீட், கிடைத்ததைப் பஃபரின் வாலில் சேர்த்துவிட்டு ஃபிரேம் (முகவரியிலிருந்து சிஆர்சி வரையிலான ஒரு செய்தி) முழுமையா என்று பார்க்கிறேன். இல்லையென்றால் மறுபடி போல். நடுவில் ஈஇன்டர் என்ற எர்நோ வந்தால் அது பிழையே இல்லை, ஏதோ சிக்னல் வந்து எழுப்பியிருக்கிறது. திரும்பப் போய்த் தூங்கலாம். போல் ‘பைட் இருக்கிறது’ என்றோ ‘ஹேங்கப்’ என்றோ சொல்லி, ரீட் 0 தந்தால், யாரோ யூஎஸ்பியைப் பிடுங்கிவிட்டார்கள்.

பஃபரிலிருந்து ஃபிரேமைப் பிரிப்பது

மோட்பஸ் விதிப்படி மூன்றரை எழுத்து நேரம் லைன் அமைதியாக இருந்தால் ஃபிரேம் முடிந்தது என்று பொருள். 9600-இல் அது ஏறத்தாழ 4 மில்லி நொடி. இதை வைத்து ஃபிரேம் பிரிக்கும் நிரல்களைக் கணினியில் எழுதாதீர்கள் என்பேன். எஃப்டிடிஐ சிப் உள்ள கன்வெர்ட்டர், வந்த பைட்களை இயல்பாக 16 மில்லி நொடி வரை தன்னிடம் வைத்திருந்து மொத்தமாகத் தரும். 4 மில்லி நொடி இடைவெளியை அங்கே எப்படி அளப்பது? அது மைக்ரோகன்ட்ரோலருக்கான வேலை. நமக்கு நீளமும் சிஆர்சியும் போதும்.

யாரிடம் என்ன கேட்டோம் என்பது நமக்குத் தெரியும், அதனால் பதில் எப்படி இருக்க வேண்டும் என்பதும் தெரியும். பஃபரில் 3 பைட்டாவது சேர்ந்ததும் பாருங்கள்: முதலாவது நாம் கூப்பிட்ட முகவரியா, இரண்டாவது 3-ஆ, மூன்றாவது கேட்ட ரெஜிஸ்டர் எண்ணிக்கையின் இருமடங்கா? மூன்றும் பொருந்தினால் மொத்த நீளம் அந்த மூன்றாவது எண்ணோடு 5. அத்தனை பைட் சேரும்வரை காத்திருந்து சிஆர்சி பாருங்கள். பொருந்தவில்லை என்றால் பஃபர் முழுவதையும் தூக்கி எறியாதீர்கள். முதல் ஒரு பைட்டை மட்டும் தள்ளிவிட்டு, மெம்மூவ் கொண்டு மீதியை முன்னுக்கு நகர்த்தி, மறுபடி முதலிலிருந்து பாருங்கள். மெம்காப்பி இங்கே ஆகாது, இரண்டு பகுதியும் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும்.

ஒரு பைட் மட்டும் தள்ளுவதில் ஒரு லாபம் இருக்கிறது. சில மலிவான கன்வெர்ட்டர்கள் நாம் அனுப்பியதையே நமக்கும் கேட்க வைக்கும். பஃபரில் முதல் எட்டு பைட் நம் சொந்தக் கேள்வியாக இருக்கும், அதன் பின்னால்தான் பதில். 1, 3 பொருந்தும், மூன்றாவது 0 என்பதால் அடிபடும். ஒவ்வொன்றாக நகர்ந்து தானாகவே உண்மையான பதிலில் போய் நிற்கும்.

இரண்டாவது பைட் 131 என்று வந்தால், அது மீட்டர் சொல்லும் மறுப்பு: 3-உடன் 128 சேர்ந்தது. மொத்தம் 5 பைட்தான் இருக்கும். மூன்றாவது பைட் 1 என்றால் அந்த வேலை எனக்குத் தெரியாது, 2 என்றால் அந்த ரெஜிஸ்டர் என்னிடம் இல்லை, 3 என்றால் கேட்ட எண்ணிக்கை சரியில்லை. இதைப் பார்த்தால் சந்தோஷப்படுங்கள், பாதிப் பிரச்சினை, அதாவது வயர் பக்கம், முடிந்தது என்று அர்த்தம்.

சிஆர்சி கணக்கு பயப்படுகிற அளவுக்கு இல்லை. குறி இல்லாத 16 பிட் எண்ணில் 65535 வைத்துத் தொடங்குங்கள். ஃபிரேமின் ஒவ்வொரு பைட்டையும் அதோடு எக்ஸார் செய்துவிட்டு, இதை எட்டு முறை செய்யுங்கள்: கடைசி பிட் 1 என்றால் ஒரு பிட் வலப்பக்கம் தள்ளி 40961-உடன் எக்ஸார், 0 என்றால் வெறுமனே ஒரு பிட் தள்ளல். முடிவில் கிடைக்கும் எண்ணின் கீழ் பைட் முதலிலும் மேல் பைட் அடுத்தும் லைனில் போகும். தரவு பைட்கள் இதற்கு நேர்மாறாக மேல் பைட் முதலில் வரும். ஒரே ஃபிரேமுக்குள் இரண்டு வழக்கம், அதை வடிவமைத்தவர்களைத்தான் கேட்க வேண்டும். சரிபார்க்க ஒரு சுலப வழி: சிஆர்சி பைட்களையும் சேர்த்து முழு ஃபிரேமையும் இந்தக் கணக்கில் ஓட்டினால் விடை 0 வர வேண்டும். நம் தாளில் உள்ள 9 எண்களைக் கொடுத்துப் பாருங்கள்.

பைட்டிலிருந்து வோல்டேஜ்

பஃபரை சார் வகையில் அறிவிக்காதீர்கள். இன்டெல் கணினியில் சார் குறி உள்ள எண்; சிஆர்சியின் 168 அங்கே மைனஸ் 88 ஆகத் தெரியும். ராஸ்பெரி பையின் லினக்ஸில் சார் குறி இல்லாதது, அங்கே 168 ஆகவே இருக்கும். பையில் ஓடிய நிரல் லேப்டாப்பில் ஓடாமல் போகும் மர்மங்களில் பாதி இதுதான். யூஇன்ட்8 வகையை எடுத்துக்கொண்டால் இந்தத் தலைவலி இல்லை.

தரவு 67 102 0 0. முதல் பைட்டை 24 பிட் இடப்பக்கம் தள்ளுங்கள், இரண்டாவதை 16, மூன்றாவதை 8, நான்காவதை அப்படியே. நான்கையும் ஆர் செய்து ஒரு யூஇன்ட்32-இல் வையுங்கள். தள்ளுவதற்கு முன்பே ஒவ்வொரு பைட்டையும் யூஇன்ட்32 ஆக மாற்றிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் 127-க்கு மேற்பட்ட பைட் குறி பிட்டில் போய் இடிக்கும். பிறகு அந்த நான்கு பைட்டை மெம்காப்பி கொண்டு ஒரு ஃபுளோட்டில் நகலெடுங்கள். பாயின்டரை ஃபுளோட் பாயின்டராக வேஷம் மாற்றி எட்டிப் பார்ப்பது பலர் செய்யும் குறுக்கு வழி. கம்பைலர் ஆப்டிமைஸ் செய்யும்போது அது எப்படி வேண்டுமானாலும் திரும்பும், நம்பாதீர்கள். ஃபிரேமை அப்படியே ஒரு ஸ்ட்ரக்ட் மேல் ஊற்றுவதும் இதே ரகம்தான். நடுவில் கம்பைலர் வைக்கும் காலியிடமும் பைட் வரிசையும் சேர்ந்து கவிழ்க்கும்.

எல்லாம் சரியாகச் செய்தும் திரையில் 0.000000 வந்தால்? மீட்டர் இரண்டு ரெஜிஸ்டரை மாற்றி அனுப்புகிறது, 0 0 67 102 என்று. அப்படிப் படித்தால் கிடைப்பது பூஜ்யத்துக்கு மிக மிக அருகிலான ஒரு சுண்டைக்காய் எண். ரெஜிஸ்டர்களை இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். முதலில் எப்போதும் வோல்டேஜையே படியுங்கள் என்பது என் பழக்கம்; 230 பக்கத்தில் வர வேண்டும் என்பது தெரியும், மீட்டர் முகத்திலும் அதே எண் தெரியும். யூனிட் கணக்கை முதலில் படித்தால் வந்த எண் சரியா தப்பா என்றே தெரியாது.

மீட்டர் இல்லாமல் சோதிக்க

ஒவ்வொரு முறையும் ராணிப்பேட்டைக்குப் பஸ் ஏற முடியாது. சோகேட் என்ற கருவி, ஒன்றோடொன்று இணைந்த இரண்டு போலிப் போர்ட்களை உண்டாக்கித் தரும். ஒரு முனையில் உங்கள் நிரல், மறுமுனையில் அந்த 9 பைட்களை எழுதும் சின்ன நிரல். பைட்களை ஒரே மூச்சில் எழுதாதீர்கள். 1 எழுதி, 50 மில்லி நொடி தூங்கி, அடுத்த 4, மறுபடி தூக்கம், மிச்சம் 4. பிறகு முன்னால் மூன்று குப்பை பைட் சேர்த்து. பிறகு சிஆர்சியை ஒன்று மாற்றி. பிறகு கேள்வியையே எதிரொலித்துவிட்டுப் பதில் சொல்லி. இந்த நான்கையும் தாண்டிய நிரல் பேனல் அறையிலும் பெரும்பாலும் நிற்கும். போலிப் போர்ட்டுக்கு வேகம், பேரிட்டி எதுவும் உறைக்காது என்பதால் அந்தத் தவறுகள் மட்டும் இங்கே வெளிப்படாது.

நிஜ மீட்டரிடம் குழப்பம் என்றால் எஸ்ட்ரேஸ் கீழ் நிரலை ஓட்டுங்கள். ரைட் எத்தனை பைட் அனுப்பியது, ஒவ்வொரு ரீட்டும் எத்தனை தந்தது என்று வரிசையாக அச்சாகும். ஆனால் அன்று எனக்கு அது உதவவில்லை. எஸ்ட்ரேஸ் காட்டியது 8 பைட். அந்த 13 சேர்ந்தது அதற்குக் கீழே, கெர்னலுக்குள். இரண்டாவது கன்வெர்ட்டரை அதே வயரில் ஒட்டுக்கேட்க வைத்து, வருவதை ‘ஓடி’ என்ற கட்டளையில் எண்களாகப் பார்த்தபோதுதான் 13 10 என்று பல்லிளித்தது. கன்வெர்ட்டர் வாங்கும்போது இரண்டாக வாங்குங்கள்.

இடத்தில் மாட்டிய பிறகு

டிடிஒய்யூஎஸ்பி0 என்ற பெயரை நிரலில் எழுதி வைக்காதீர்கள். இரண்டு கன்வெர்ட்டர் இருந்தால் மறு ஸ்டார்ட்டில் 0 எது, 1 எது என்பது மாறிப்போகலாம். டெவ் அடைவுக்குள் சீரியல், அதற்குள் பை-ஐடி என்ற இடத்தில் சிப்பின் பெயரோடு நிலையான இணைப்பு இருக்கும், அதைக் கொடுங்கள். ஒரே வகை மலிவுக் கன்வெர்ட்டர் இரண்டு என்றால் சீரியல் எண் இல்லாததால் பை-ஐடியும் குழம்பும். அப்போது எந்த யூஎஸ்பி துளை என்று அடையாளம் சொல்லும் பை-பாத் இருக்கிறது.

நம் பக்கத்தில் கரன்ட் போகும், ஜெனரேட்டர் பிடிக்கும், திரும்ப மாறும். ஒவ்வொரு மாற்றத்திலும் லைனில் நாலைந்து குப்பை பைட் வரும், சில நேரம் யூஎஸ்பியே அறுந்து புதிதாக முளைக்கும். அதனால் ஹேங்கப் வந்தால் நிரல் சாகாமல், போர்ட்டை மூடிவிட்டு, இரண்டு நொடி தூங்கி, மறுபடி திறந்து, டெர்மியோஸ் அமைப்பை முதலிலிருந்து செய்ய வேண்டும். புதிதாகத் திறந்த போர்ட்டில் பழைய அமைப்பு இருக்கும் என்று நினைத்தால், ஓபோஸ்ட் மறுபடி வந்து உட்கார்ந்திருக்கும். ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் டிசிஃபிளஷ் அழைத்து, உள்ளே தேங்கிக் கிடக்கும் பழைய குப்பையைக் கொட்டுவதும் நல்லது.

சிஆர்சி தவறிய பதில்களை வெறுமனே ஒதுக்கிவிடாமல், நேரத்தோடும் வந்த பைட்களோடும் தனிக் கோப்பில் எழுதி வைக்கிறேன். அந்தத் தொழிற்சாலையில் ஒரு வாரக் கோப்பைத் திறந்து பார்த்தபோது தவறுகள் பரவலாக இல்லை, காலையில் குறிப்பிட்ட ஒரு நேரத்தில் கொத்துக் கொத்தாக இருந்தன. எலெக்ட்ரீஷியன் அண்ணனிடம் காட்டினேன். “அது பெரிய டிரம் ஸ்டார்ட் பண்ற டைம் ஆச்சே” என்றவர், ஏணியைப் போட்டு மேலே ஏறிப் பார்த்தார். நம் மீட்டர் வயரை யாரோ அந்த டிரம்மின் டிரைவ் கேபிளோடு சேர்த்து, ஒரே டிரேயில், டை போட்டு அழகாகக் கட்டியிருந்தார்கள். கட்டியவர் வேறு யாருமில்லை என்பது அவர் சிரித்த சிரிப்பிலேயே தெரிந்தது. “இன்னிக்கு லைன்லதான் தம்பி கோளாறு” என்று சொல்லிக்கொண்டே கட்டிங் பிளேயரை எடுத்தார்.